நான்காவது படி

ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்கினோம்.
முன்வாசலில் பூட்டு தொங்கியது; பூட்டைத் தொடுவதில்லை
என்பது எங்கள் நால்வருக்குள் உள்ள சட்டம்.
எதையும் எடுத்துப்போவதில்லை என்பது இன்னொன்று.
மூன்றாவது, லீவா போட்டது:
உள்ளே வந்தபின் யாரும் பேய்க்கதை சொல்லக்கூடாது.

லியெபாயாவுக்கு வடக்கே ஒரு மணி நேரம்.
காற்றுக்கு முதுகைக் காட்டியே வளர்ந்த பைன் மரங்கள்.
மார்ச் பிறந்து இரண்டு வாரம்.
பால்டிக் கடலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நாடு வேறு பெயரில் இருந்தபோது
இங்கே மாலுமிகளைத் தயாரித்தார்கள்.
கதவோரம் ரஷ்ய எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது,
தயாரித்தார்கள் என்று,
டின்னில் அடைத்த மீனைப் பற்றிச் சொல்வதுபோல.
சுவரின் பச்சைப் பெயின்ட்
செதில்செதிலாய் எழும்பி நிற்கிறது.
கைபட்டால் உதிரும். கைபடாமலும் உதிர்கிறது.

மோர்ஸ் வகுப்பில் முப்பது மேஜைகள்,
மேஜைக்கொரு பித்தளை விசை.
ரைவிஸ் ஒன்றைத் தட்டினான், சும்மா, விரல் போனபடி.
எந்தக் கம்பியும் எங்கேயும் போகவில்லை.
"டி, இ, இ. மறுபடி டி," என்றார் குந்தார்ஸ்.
"உளறுகிறாய்."
உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள் லீவா.
ஏதோ சினிமாவில், என்றார்.

குந்தார்ஸ் டிராம் கம்பிகளைப் பழுதுபார்ப்பவர்.
ஐம்பத்தாறு வயது, சட்டைப்பையில் எப்போதும் சூரியகாந்தி விதை.
இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று
காரில் இரண்டு முறை சொன்னார்.
ஒரு முறை சொன்னால் போதுமே என்று
அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாம் மாடியில் ஒரு கப்பல்.
முழுக் கப்பல் இல்லை, கேப்டன் நிற்கும் அறை மட்டும்:
எதையும் திருப்பாத சுக்கான்,
உப்பையே பார்க்காத திசைகாட்டி,
கண்ணாடிக்கு அப்பால் சுவர் முழுக்க
வரைந்த கடல்.
நிஜக் கடல் நானூறு அடியில் இருக்கிறது.
அந்தப் பக்கம் ஜன்னல் வைக்கவில்லை.
கூரை ஓட்டையில் பனி உருகி இறங்கி
வரைந்த கடல் இப்போது உண்மையாகவே நனைந்திருந்தது.
அடிவானத்தில் யாரோ பென்சிலால்
நீந்தும் பெண் ஒருத்தியைச் சேர்த்திருந்தார்கள்.
அவளுக்கு நீச்சல் தொப்பிகூட உண்டு.
ரைவிஸ் அவளை மட்டும் பதினோரு படம் எடுத்தான்.

பிறகு, விடுதிக்கு ஏறும் மரப்படிகள்.
முன்னால் போனவர் குந்தார்ஸ். டார்ச் என் கையில்.
வெளிச்சம் அவர் காலை எட்டுவதற்குள்
கால் மூன்றாம் படியிலிருந்து ஐந்துக்குப் போய்விட்டது,
பேச்சு அறுபடாமல், குனிந்து பார்க்காமல்.
ஏதோ ஆணிக்குப் பயந்திருப்பார் என்று நினைத்தேன்.
பின்னாலேயே லீவா நான்காவதில் கால் வைத்தாள்.
படி அலறியது.
ரைவிஸுக்கும் அலறியது.
நான் பூனைபோல வைத்தேன்,
ஊரையே கூட்டியது.

நள்ளிரவு தாண்டி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு
திரும்பி வருகிற பையன்களுக்குத்தான்
அந்த எட்டு தெரியும்.

முப்பத்தொன்றாம் அறை.
கட்டில்களைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள் போல,
தரையில் கால்களின் தடம் மட்டும், நான்கு நான்காக.
மற்ற இருவரும் மொட்டை மாடி தேடிப் போயிருந்தார்கள்.
நான் நடைவழியில்.
அவர் மண்டியிட்டார். ஹீட்டருக்குப் பின்னால்
முழங்கைவரை கையை விட்டார்.
துழாவினார்.
இன்னும் கொஞ்சம் துழாவினார்.
வெறுங்கை வெளியே வந்தது.
அதைக் கால்சட்டையில் துடைத்தார், வெகுநேரம்.

சட்டம் எதுவும் மீறப்படவில்லை.
நான் டார்ச்சை அணைத்தேன்,
பேட்டரி தீர்கிறது என்று சத்தமாகச் சொன்னேன்.

இறங்கும்போதும் அவர்தான் முன்னால்.
ஐந்தாம் படியில் ஒரு கணம் நின்றார்.
விதையைத் துப்பினார்.
பிறகு நான்காவதில்,
இரண்டு காலையும் சேர்த்து, முழு எடையோடு, குதித்தார்.

கட்டடம் அடிவரை அலறியது.
எந்தக் கதவும் திறக்கவில்லை.
எந்த விளக்கையும் யாரும் போடவில்லை.